எட்டு இலக்க மேக்ஸ் 7219 டிஸ்பிளே: அப்பாவின் கடிகாரத்தில் ஆறு மாதம்

கண்புரை அறுவை செய்த பிறகும் அப்பாவுக்கு இருட்டில் சுவர்க் கடிகாரத்தின் முட்கள் தெரிவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, மணி என்னவென்று அம்மாவை எழுப்பிக் கேட்பார். அதற்காகவே சிவப்பாக ஒளிரும் கடிகாரம் ஒன்றைச் செய்தேன். அதில் வைத்தது, மேக்ஸ் 7219 சிப் பொருத்திய எட்டு இலக்க செவன் செக்மென்ட் (ஒவ்வோர் எண்ணையும் ஏழு ஒளிக்கோடுகளால் காட்டும்) பலகை. இணையத்தில் 180 ரூபாய்க்குக் கிடைத்தது.

முன்பெல்லாம் இலக்கத்துக்கு ஒரு டிரான்சிஸ்டர் வைத்து நானே மாற்றி மாற்றி எரியவிடுவேன். ஓர் இலக்கத்தின் நிழல் அடுத்ததில் மங்கலாகப் படியும். இந்தச் சிப் எட்டு இலக்கங்களையும் நொடிக்குச் சுமார் 800 முறை தானே சுற்றி வருகிறது. தகவலுக்கு மூன்றே கம்பிகள். நிழல் அறவே இல்லை. மணி, நிமிடம், நொடி, இடையே இரண்டு சிறுகோடுகள் என எட்டு இடமும் கச்சிதமாக நிரம்பிவிடுகின்றன.

மூன்றாம் நாள் இரவு அப்பா கூப்பிட்டார். "எல்லாம் எட்டாகவே தெரிகிறது, தம்பி." எட்டு இலக்கங்களும் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தன. மின்விசிறியை அணைக்கும்போதெல்லாம் இப்படி ஆவதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் பிடித்தது. சிப்பில் சோதனைக்கென்று ஒரு பதிவேடு (கட்டளையை எண்ணாக வைத்துக்கொள்ளும் சிறு நினைவிடம்) உண்டு. மின் இரைச்சல் அதில் தவறான எண்ணை எழுதிவிட்டால் எல்லா செக்மென்ட்டும் எரியும். நாம் அனுப்பும் மணி உள்ளே போனாலும் வெளியே தெரியாது.

காரணங்கள் இரண்டு. எனக்கு வந்த பலகையில் மின் இரைச்சலை அடக்கச் சிறிய மின்தேக்கி மட்டுமே இருந்தது. சிப்பின் காலுக்கு அருகிலேயே 10 மைக்ரோஃபாரட் ஒன்றையும் 0.1 ஒன்றையும் பற்றவைத்தேன். இன்னொன்று என் பிழை. 5 வோல்ட்டில் ஓடும் இந்தச் சிப்புக்குத் தகவல் உள்ளீடு குறைந்தது 3.5 வோல்ட் வேண்டும். மணியை அனுப்ப நான் இணைத்த ஈஎஸ்பி 8266 என்ற கட்டுப்பாட்டுச் சிப் தருவதோ 3.3 வோல்ட். மேசைமேல் ஓடியது என்பதற்காக அதை நம்பியிருக்கக் கூடாது. இடையில் 3.3 வோல்ட் சமிக்ஞையை 5 வோல்ட்டாக உயர்த்தித் தரும் 74எச்சிடி125 சிப் ஒன்றை வைத்ததும் சரியாயிற்று. நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாப் பதிவேடுகளையும் புதிதாக எழுதும்படி நிரலையும் மாற்றினேன். அதன்பின் ஒருமுறைகூட எட்டுகள் வரவில்லை.

வெளிச்சத்துக்கு 16 படிகள் உண்டு. படுக்கையறைக்கு மிகக் குறைந்த படியே கண்ணைக் கூசவைக்கிறது. செக்மென்ட்டுகளுக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைக்க, பலகையிலிருந்த 10 கிலோ ஓம் மின்தடையை எடுத்துவிட்டு 33 கிலோ ஓம் போட்ட பிறகுதான் அப்பாவுக்குப் பிடித்தது.

இந்த விலைக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். அதோடு அந்த இரண்டு மின்தேக்கிகளையும் 74எச்சிடி125-ஐயும் சேர்த்தே வாங்குங்கள். பெரியம்மா வீட்டுக்கும் ஒன்று கேட்டிருக்கிறார்கள். அதே பலகையைத்தான் சொல்லியிருக்கிறேன்.