ரிவ்யூவை அழித்துத் தருகிறேன் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்: கொடைக்கானலில் ரூம் விடுபவர்களுக்கு

போன வாரம் அட்டுவம்பட்டியில் ரூம் விடும் ஓர் அக்கா கூப்பிட்டார். "யாரோ ஒரு தம்பி பேசுறான்மா. கூகுள்ல நமக்கு வந்திருக்கிற மோசமான ரிவ்யூ எல்லாத்தையும் எடுத்துத் தரேங்கிறான். பாதிப் பணம் முன்னாடியே வேணுமாம்" என்றார். 'மேடம், நாங்க கூகுள் பார்ட்னர்' என்று ஆரம்பித்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். 2024இல் எனக்கு இருபதாயிரம் ரூபாய் தண்டம் வைத்த அதே வசனம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சரி, சிரித்துவிட்டுப் போங்கள்.

நாயுடுபுரத்துக்கு மேலே எங்களுக்கு நான்கு ரூம். வருபவர்களில் பாதிப் பேர் கேரளாக்காரர்கள். 2024 பிப்ரவரி 22ஆம் தேதி மஞ்சும்மல் பாய்ஸ் படம் வந்தது. 2006இல் குணா குகைக்குள் விழுந்த நண்பனை உயிரோடு மேலே கொண்டுவந்த எர்ணாகுளம் பக்கத்துப் பையன்களின் கதை. குணா குகை என்ற பெயரே 1991இல் கமல் படம் வந்த பிறகு ஒட்டிக்கொண்டதுதான். எங்கள் அப்பா இன்னும் டெவில்ஸ் கிச்சன் என்றுதான் சொல்வார். புதுப் படம் தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடிக்கு மேல் வசூல் செய்தது. அந்த வாரங்களில் குகைப் பக்கம் வண்டி விட இடமில்லை. தடுப்பைத் தாண்டி உள்ளே போனதற்காக மூன்று பேரை வனத்துறை கைதும் செய்தது. மூன்று பேருமே தமிழ்நாட்டுப் பையன்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

மார்ச் மாதம் எழுத்தாளர் ஜெயமோகன் அந்தப் படத்தையும், குடித்துவிட்டுக் காட்டில் பாட்டில் வீசும் கேரளப் பயணிகளையும் காட்டமாகத் திட்டி எழுதினார். அப்புறம் கேட்க வேண்டுமா? மலையாளிகள் கொதிக்க, நம் ஆட்கள் அவர் பக்கமும் எதிர்ப்பக்கமும் பிரிந்து நிற்க, போனைத் திறந்தாலே அந்தச் சண்டைதான். கொடைக்கானலுக்கு ஒருமுறைகூட வந்திராதவர்கள்தான் அதிகம் கத்தினார்கள் என்பது என் எண்ணம்.

அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டில் ஒரு யூடியூப் தம்பி இரண்டு நாள் தங்கினான். வீடியோவில் நம் இடத்தைக் காட்டுகிறேன் என்றதால் பாதி வாடகைதான் வாங்கினேன். கிளம்பும் அன்று காலையில் வாசலில் கேரட் கழுவிக்கொண்டிருந்தவளிடம் மைக்கை நீட்டி, "இந்தப் பட பிரச்சனை பத்தி என்ன நினைக்கிறீங்கக்கா? கேரளா பசங்களுக்கு ரூம் குடுப்பீங்களா?" என்று கேட்டான்.

நான் சொன்னது இது: "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா குடிச்சிட்டு வந்து கம்பியைத் தாண்டுறவனுக்கு நான் ரூம் தரமாட்டேன், கேரளாவோ, மதுரையோ, யாரா இருந்தாலும்."

வெளியே வந்த நாற்பது நொடி வீடியோவில் முதல் பாதியும் இல்லை, கடைசிப் பாதியும் இல்லை. "நான் ரூம் தரமாட்டேன், கேரளா" என்று 'வோ' வருவதற்குள் வெட்டியிருந்தான். கத்திரி அவ்வளவு துல்லியம். கேட்டுப் பாருங்கள், என் வாய் 'வோ' சொல்லக் குவிவதுகூடத் தெரியும். கீழே சிவப்பு எழுத்தில், 'கேரளா பசங்களுக்கு கொடைக்கானலில் ரூம் இல்லை! கொந்தளித்த அக்கா!' நான் எங்கே கொந்தளித்தேன்? கையில் கேரட் இருந்தது.

எடுத்துவிடு தம்பி என்று போன் செய்தேன். "வியூஸ் நல்லா போகுதுக்கா. வேணும்னா இன்னொரு வீடியோல விளக்கம் குடுங்க" என்றான். அதையும் அவனே எடுப்பானாம்.

ஐந்து நாளில் எங்கள் இடத்துக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் ஒற்றை ஸ்டார். 4.6இல் இருந்தது 3க்குக் கீழே இறங்கியது. போனில் வந்த வசவுகளை விடுங்கள். என்னை அதைவிட எரிச்சல்படுத்தியது பாராட்டுகள். "சூப்பர்க்கா, அவனுங்கள உள்ள விடாதீங்க" என்று முகம் தெரியாதவர்கள் வாழ்த்துகிறார்கள். அந்த வாரம் ரத்தான மூன்று புக்கிங்கில் ஒன்றையாவது இவர்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். வருடா வருடம் டிசம்பரில் வரும் திருச்சூர்க்காரர் ஒருவர் மட்டும், "சேச்சி, முழு வீடியோ இருக்கா?" என்று கேட்டார். அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

இனி ஏமாந்த கதை. ஆறாம் நாள் போன். நல்ல தமிழ், பொறுமையான குரல், "மேடம், உங்க ரேட்டிங் விழுந்ததைப் பார்த்தோம், மனசு கஷ்டமா இருந்தது." அந்த நேரத்தில் என்னிடம் அப்படிப் பேசியவர் வேறு யாருமில்லை, அதனால்தான் விழுந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. மொத்தம் இருபத்து நாலாயிரம், பாதி முன்பணம். ஜிபேயில் பன்னிரண்டாயிரம் போட்டேன். இரண்டு நாள் கழித்து ஜிஎஸ்டி, 'லீகல் சார்ஜ்' என்று எட்டாயிரம். அதையும் போட்டேன். அப்புறம், "உங்க அக்கவுண்ட்ல இருந்துதான் அழிக்க முடியும், ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்றான். ஓடிபி யாரிடமும் சொல்லாதே என்று பேங்கில் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்! அது பேங்க் ஓடிபிக்குத்தான் என்று நினைத்தேன். சொன்னேன்.

மறுநாள் ஒரு ஒற்றை ஸ்டார்கூடக் குறையவில்லை. ஆனால் ஐந்து ஸ்டார் ரிவ்யூ பதினெட்டு வந்திருந்தது. ஒன்றில் 'நீச்சல் குளம் அருமை, குழந்தைகள் வெளியே வரவே மறுத்தார்கள்' என்று இருந்தது. நீச்சல் குளமாம்! ஜனவரியில் எங்கள் வாளித் தண்ணீரில் கை வைத்துப் பார்த்தால் தெரியும்.

மீதிப் பணத்தையும் கேட்டபோது தரமாட்டேன் என்றேன். அன்று சாயங்காலமே என் ஜிமெயிலுக்குள் என்னால் நுழைய முடியவில்லை. இரவோடு இரவாக எங்கள் இடத்தின் போன் நம்பர் கூகுளில் மாறிவிட்டது. நம்மைத் தேடுகிறவர்கள் எவனோ ஒருவனைக் கூப்பிட்டு ரூம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திண்டுக்கல்லில் படிக்கும் என் அக்கா மகன் சனிக்கிழமை பஸ் ஏறி வந்தான். பழைய போன் நம்பரை வைத்து அக்கவுண்டை மீட்டது அவன்தான். அப்புறம் அவன் செய்த ஒரு வேலையை நீங்களும் செய்து பாருங்கள். ரிவ்யூ போட்டவரின் பெயரை அழுத்தினால், அவர் மறைத்து வைக்காதவரை, வேறு எங்கெல்லாம் போட்டிருக்கிறார் என்று வரும். 'பாத்ரூம் நாற்றம்' என்று எங்களுக்கு ஒற்றை ஸ்டார் போட்டிருந்த ஒரு பெயரை அழுத்தினான். அதே வாரத்தில் ஊட்டியில் ஒரு பல் ஆஸ்பத்திரி, திருப்பூரில் மெத்தைக் கடை, கோவையில் கல்யாண மேக்கப், எல்லாவற்றுக்கும் ஐந்து ஸ்டார். இப்படி ஏழெட்டுப் பேர் சிக்கினார்கள். கோபத்தில் போட்டவர்கள் நிறையப் பேர் உண்மையான ஆட்கள்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் எரிகிற வீட்டில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிவிட்டு, அணைக்கக் கூலி கேட்டு வந்தவர்களும் அதில் இருந்தார்கள் என்பது என் சந்தேகம். யார் பெயர் சர்ச்சையில் அடிபடுகிறது என்று பார்த்துத்தான் இந்தக் கூட்டம் போன் செய்கிறது.

எந்தப் பார்ட்னராலும் காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் ரிவ்யூவை அழிக்க முடியாது. ரிவ்யூ ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி நீங்களே புகார் செய்யலாம், செலவில்லை. தங்காமல் திட்டியவற்றைச் சம்பந்தமில்லாதது என்று காட்டிப் பையன் ஒவ்வொன்றாகப் புகார் செய்தான். கூகுள் ஒரேயடியாக நீக்கவில்லை; சில வாரங்களில் பாதிக்கு மேல் போயின. திருச்சூர்க்காரர் மலையாளத்தில் இரண்டு வரி எழுதித் தந்தார். மிச்சமிருந்தவற்றுக்கெல்லாம் அதையே பதிலாகப் போட்டோம். அதைப் படித்து நான்கு பேர் தாங்களே அழித்தார்கள்.

பணம் வரவில்லை. சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930க்கு நான் கூப்பிட்டது பதினோராம் நாள். போன உடனே சொல்லியிருந்தால் நிறுத்தி வைக்க வாய்ப்பிருந்திருக்கும், இப்போது அந்தக் கணக்கில் ஒன்றுமில்லை என்றார்கள். வெட்கத்தில் போன பத்து நாள் அது. நீங்கள் அந்த நிமிடமே கூப்பிடுங்கள். இன்னொன்று, யாராவது மைக்கை நீட்டினால் உங்கள் போனிலும் ரெக்கார்ட் போட்டுக்கொள்ளுங்கள். திருச்சூர்க்காரர் முழு வீடியோ கேட்டபோது காட்ட என்னிடம் எதுவுமில்லை.

மே மாதம், குணா படத்தின் கண்மணி அன்போடு பாட்டைப் பயன்படுத்தியதற்காக இளையராஜா மஞ்சும்மல் பாய்ஸ் படக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பினார். திட்டுகிற கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது. 7ஆம் தேதியிலிருந்து மலைக்கு வர இ-பாஸ் என்றார்கள், எங்களுக்கும் வேறு கவலை வந்துவிட்டது. அந்த யூடியூப் வீடியோ இன்னும் இருக்கிறது.

காசுக்கு வந்த அந்த ஐந்து ஸ்டார்களையும் புகார் செய்தோம். பதினேழு போய்விட்டது, நீச்சல் குளம் மட்டும் நிற்கிறது. போன மாதம் சேலத்திலிருந்து ஒரு குடும்பம் பிள்ளைகளுக்கு நீச்சல் உடையோடு வந்து இறங்கியது. விளக்கிச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, சாயங்காலம் மிளகாய் பஜ்ஜி போட்டுக் கொடுத்தேன். போகும்போது மூன்று ஸ்டார் போட்டுவிட்டுப் போனார்கள். பஜ்ஜி நன்றாக இருந்ததாம், குளம் இல்லையாம்.