கூப்பர் பிளாக், அப்ரில் ஃபேட்ஃபேஸ், பிராட்வே: குண்டு தலைப்புக்கு எதைப் போடலாம்?

போஸ்டர், லோகோ, புக் கவர்னு எதுக்காச்சும் குண்டா, கொஞ்சம் அலங்காரமா ஒரு ஃபான்ட் தேட ஆரம்பிச்சா இந்த மூணும் எப்படியும் கண்ணுல பட்டுடும். எல்லாரும் கறுப்பு எவ்ளோ அடர்த்தியா இருக்குன்னு பாத்துதான் செலக்ட் பண்றாங்க. என்னைக் கேட்டா முதல்ல வெள்ளையைப் பாக்கணும், அதாவது எழுத்துக்குள்ள இருக்கற ஓட்டை, டிசைனருங்க கவுன்டர்னு சொல்றது. தடி ஃபான்ட்ல படிக்க முடியறதும் முடியாததும் அந்தக் குட்டி ஓட்டை கையிலதான் இருக்கு.

கூப்பர் பிளாக்ல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா என் ஓட்டு அதுக்குத்தான். 1922ல சிகாகோவுல ஆஸ்வால்ட் கூப்பர் வரைஞ்சது, பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர்ங்கற அச்செழுத்து கம்பெனி வெளியிட்டுச்சு. ஈசிஜெட் விமானத்துல ஆரஞ்சு கலரோட பாத்திருப்பீங்களே, அதேதான். இதுல கூர்மையான மூலைன்னே ஒண்ணு கிடையாது, செரிஃப் (கோட்டு முனைல நீட்டிக்கிட்டு இருக்கற குட்டிக் கால்) எல்லாம் உருண்டை, எழுத்தோட அடிப்பாகம்கூட தட்டையா இல்லாம லேசா உப்பியிருக்கும். இதுல ஒரு பெரிய வசதி என்னன்னா எழுத்து ஒரு முடி அளவு மேல கீழ போய் நின்னாலும் கண்ணுக்குத் தப்பாத் தெரியாது, மை கொஞ்சம் பரவினாலும் ஏற்கனவே பரவின மாதிரி இருக்கற ஷேப்தானே, ஒண்ணும் ஆகாது. டி-ஷர்ட், ஸ்டிக்கர், மட்டமான பேப்பர்னு எங்க போட்டாலும் சமாளிச்சுக்கும். ஆங்கில ஓவோட ஓட்டை பின்பக்கமா சாஞ்சு நிக்கும் பாருங்க, அந்தச் சாய்வுதான் அதுக்கு ஒரு கை எழுத்து வாசனையைக் குடுக்குது, இல்லைன்னா வெறும் கறுப்பு உருண்டையாத்தான் இருந்திருக்கும்.

குறைன்னு பாத்தா, இது எப்பவும் சிரிச்ச முகம். இரங்கல் அறிவிப்பையோ கோர்ட் நோட்டீஸையோ இதுல அடிச்சுப் பாருங்க, ஜோக் மாதிரி ஆயிடும். ஸ்க்ரீன்ல ரொம்ப சின்னதாக்கினா ஓட்டையும் அடைச்சுக்கும்.

அப்ரில் ஃபேட்ஃபேஸ் வேற ஜாதி. ஃபேட்ஃபேஸ்ங்கற ஸ்டைலே 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல லண்டன்ல விளம்பரத்துக்காகப் பொறந்தது, ராபர்ட் தார்ன் பேரு இதுல முக்கியமா அடிபடும். அதுவரைக்கும் புத்தகத்துக்கு வெட்டின எழுத்தையே பெரிசாக்கிட்டு இருந்தாங்க, சுவத்துல நின்னு கத்தணும்னு வந்தப்பதான் தடிச்ச கோட்டை மட்டும் ஊதிப் பெருக்கி, மெல்லிசுக் கோட்டை அப்படியே மெல்லிசா விட்டாங்க. அப்ரில், டைப்டுகெதர் கம்பெனியோட வெரோனிகா புரியனும் ஹோசே ஸ்காலியோனேவும் பண்ண நவீன வடிவம். பெரிய சைஸ்ல, ரெண்டு மூணு வார்த்தைல, இதை அடிச்சுக்க ஆளில்லை. நம்பர் எல்லாம் அவ்ளோ அழகு, வெறும் 2ஐ மட்டும் போட்டாலே போஸ்டர் ஆயிடும்! ஆனா சின்னதாக்கினா அந்த மெல்லிசுக் கோடு காணாமப் போயிடும், தடிச்ச தூண் மட்டும் தனித்தனியா நிக்கும், எந்த எழுத்துன்னே தெரியாது. கறுப்பு பேக்ரவுண்ட்ல வெள்ளை எழுத்தா பிரிண்ட் பண்ணா இன்னும் மோசம், சுத்தி இருக்கற மை உள்ள வந்து மெல்லிசுக் கோட்டை முழுங்கிடும். கூப்பர் மன்னிக்கிற அளவுக்கு இது மன்னிக்காது.

பிராட்வே பத்தி ரொம்ப இல்லை. மோரிஸ் ஃபுல்லர் பென்டன் 1920கள் கடைசில அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ்ங்கற அச்செழுத்து கம்பெனிக்காகப் பண்ணது, முதல்ல கேப்பிடல் எழுத்து மட்டும்தான், ஸ்மால் லெட்டரை அப்புறம் மோனோடைப் கம்பெனில சால் ஹெஸ் சேர்த்தார். போட்ட உடனே ஆர்ட் டெக்கோ (1920, 30கள்ல ஓடின அலங்கார ஸ்டைல்), நாடகக் கொட்டகை, பளபளப்புன்னு ஒரே காலத்துல போய் உக்காந்துடும், அங்கிருந்து நகராது. அந்த மூடு வேணும்னா சூப்பர், வேண்டாம்னா தொடவே தொடாதீங்க. ஸ்மால் லெட்டர்ல நீள வார்த்தை போட்டா எனக்குக் கண்ணு கட்டுது.

எழுத்து இடைவெளிலயும் மூணும் மூணு மாதிரி. கூப்பரை நெருக்கி, ஒண்ணோட ஒண்ணு உரசற அளவுக்கு வச்சாலும் நல்லாத்தான் இருக்கும். அப்ரில்ல அப்படி நெருக்கினா மெல்லிசு செரிஃப் மோதி அழுக்குத் தெரியும், பிராட்வேக்குக் கொஞ்சம் காத்து வேணும்.

லைசென்ஸ் விஷயத்துல அப்ரில் ஜெயிக்குது, ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ், கூகுள் ஃபான்ட்ஸ்ல இருந்து எடுத்து கமர்ஷியல் வேலைக்கும் வெப்சைட்டுக்கும் தாராளமாப் போடலாம். கூப்பர் பிளாக்கும் பிராட்வேயும் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸோட வரும், ஆனா அந்த ஃபைலைத் தூக்கி வெப்சைட் சர்வர்ல போடறதுக்குத் தனி லைசென்ஸ் வேணும், நிறைய பேரு இதைக் கண்டுக்கறதே இல்லை. ஃப்ரீயா கூப்பர் சாயல் வேணும்னா ஃபிரான்சஸ் (Fraunces) பாருங்க, வேரியபிள் ஃபான்ட், அதாவது ஒரே ஃபைல்ல தடிமன் மாதிரி விஷயத்தை நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம், மூலை எவ்ளோ மழுங்கணும்னுகூட ஒரு ஸ்லைடர்ல மாத்திக்கலாம். பிராட்வேக்கு பதிலா லைம்லைட்.

இதுல எதுலயும் தமிழ் எழுத்து கிடையாது. டைப் பண்ணா சிஸ்டம் ஃபான்ட் வந்து பக்கத்துல ஒல்லியா நிக்கும். கூப்பர் பக்கத்துல தமிழ் வேணும்னா ஏக் டைப்ங்கற ஃபான்ட் டிசைன் குழுவோட பலூ தம்பி ஓரளவு செட் ஆகும், அதுவும் உருண்டைதான். ஆனா ஒரே சைஸ் வச்சுட்டு விட்டுடாதீங்க, தமிழ் எழுத்து அகலம் ஜாஸ்தி, ண, ணை எல்லாம் வந்தா வரியே தள்ளிப் போகும். கண்ணால பாத்து தமிழை ஒரு படி இறக்கி, ர், றி மாதிரி மேலயும் கீழயும் நீட்டற எழுத்துக்காக வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டி வைங்க.