மூன்று வருடக் குரோஷே: நான் எந்த வகைக் கற்பவர்?

கொக்கி ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாகப் பின்னுவதுதான் குரோஷே. அந்த ஊசியைக் கையில் எடுத்து மூன்று வருடம் ஆகிறது. யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. தொடங்குமுன், நாம் எந்த வகைக் கற்பவர் என்று சொல்லும் ஒரு வினாத்தாளை நிரப்பினேன். 1992-இல் நீல் ஃபிளெமிங்கும் காலீன் மில்ஸும் முன்வைத்த பார்த்தல், கேட்டல், வாசித்தல், செய்தல் என்ற நான்கில் எனக்குப் பார்த்தல் வந்தது. சரி, வீடியோ போதும் என்று முடிவு கட்டினேன். (ஃபிளெமிங் 'பார்த்தல்' என்றது வரைபடங்களை, வீடியோவை அல்ல. இது தெரியவே ஒரு வருடம் ஆனது.)

ஊசியை எப்படிப் பிடிப்பது, நூலை எந்த விரலில் ஓட்டுவது என்பதற்கெல்லாம் வீடியோவை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் 30 கண்ணியில் தொடங்கிய என் முதல் மஃப்ளர் போகப் போகக் குறுகி, 19 கண்ணியில் வந்து நின்றது. வரிசையின் கடைசிக் கண்ணியை அடிக்கடி விட்டிருக்கிறேன். அதே வீடியோவை மறுபடி மறுபடி பார்த்தேன். பார்க்கும்போதெல்லாம் புரிந்தது, பின்னும்போது மட்டும் புரியவில்லை. சொல்லிக்கொடுப்பவரின் கட்டைவிரல் சரியாக அந்த ஓரத்தை மறைத்துக்கொண்டிருந்தது! மைக்கேல் கார்டஸும் எட் ஓபிரையனும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் இதேதான் வருகிறது: ஒரு வித்தையைப் பலமுறை பார்த்தவர்களுக்குத் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை கூடியது, திறமை கூடவில்லை.

ஓரத்தைச் சரிசெய்தது புத்தகத்தில் இருந்த ஒற்றை வரி. முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் வேறு நிற நூலைக் கட்டு, வரிசை முடிந்ததும் எண்ணு. அவ்வளவுதான்.

புத்தகம் வேறொரு குழியில் தள்ளியது. அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்று சொல்லும் குட்டைக் கண்ணியைத்தான் பிரிட்டனில் டபுள் குரோஷே என்கிறார்கள். அதைவிட உயரமான அமெரிக்க டபுள், அங்கே ட்ரெபிள். அமெரிக்க வீடியோவில் பழகிய கையோடு பிரிட்டிஷ் குறிப்பைப் பின்னினேன். பொம்மைக்கான தொப்பி என் தலைக்கே போதும் போல வந்தது. அப்போதுதான் குறியீட்டு வரைபடத்துக்குப் போனேன். குட்டைக் கண்ணிக்குப் பெருக்கல் அல்லது கூட்டல் குறி, உயரமானதற்குக் குறுக்குக் கோடு போட்ட 'டி'. பெயர்ச் சண்டையே இல்லை. இன்றுவரை எனக்கு அதிகம் உழைத்தது இதுதான்.

வட்டம் மட்டும் காதுவழி வந்தது. சிங்கிள் குரோஷேயில் 6 கண்ணியில் தொடங்கி, சுற்றுக்கு 6 கூட்டினால் தட்டையாக நிற்கும்: 6, 12, 18, 24. கூட்டாமல் விட்டால் கிண்ணம், அதிகம் கூட்டினால் கொசுவம். வாய்விட்டு எண்ணினால் தவறுவதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தொல்லை.

நூலின் இழுவையை மட்டும் பார்த்தோ படித்தோ பிடிக்க முடியவில்லை. முதல் மாதங்களில் ஊசி நுழையவே இடமில்லாமல் இறுக்கியிருந்தேன். பின்னிப் பிரித்து, மறுபடி பின்னித்தான் விரல்கள் தளர்ந்தன. ஆகவே வினாத்தாள் சொன்ன வகை எனக்கு உதவவில்லை. எதைக் கற்கிறேன் என்பதைப் பொறுத்து வழி மாறியது. ஹரால்ட் பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் 2008-இல் பழைய ஆய்வுகளை அலசியபோது, கற்கும் பாணிக்கேற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை.

அந்த மஃப்ளரைப் பிரித்த நூலில்தான் இப்போது ஒரு பை பின்னுகிறேன். ஓரம் நேராக வருகிறது, ஓரத்தில் கட்டிய வேறு நிற நூலை மட்டும் இன்னும் அவிழ்க்கத் துணியவில்லை.