பாப் வுட்வர்டா, ஐ.எஃப். ஸ்டோனா?

அமெரிக்க அரசியல் நிருபர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவர் பாப் வுட்வர்ட். வாட்டர்கேட் (1972-ல் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தவர்கள் பிடிபட்டு, கடைசியில் அதிபர் நிக்சன் பதவி விலகக் காரணமான விவகாரம்), நள்ளிரவுக் கார் நிறுத்துமிடம், அங்கே தகவல் தந்த பெயர் சொல்லாத அதிகாரி. அந்த அதிகாரி எஃப்.பி.ஐ.யின் இரண்டாம் நிலையில் இருந்த மார்க் ஃபெல்ட் என்பது 2005-ல்தான் வெளியே வந்தது. 1971-ல் வாஷிங்டன் போஸ்ட்டில் சேர்ந்ததிலிருந்து வுட்வர்டின் வழி இதுதான்: அதிகாரத்துக்குள் இருப்பவரைப் பேச வைப்பது.

இன்னொரு அமெரிக்க நிருபரான ஐ.எஃப். ஸ்டோனுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. இடதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டவருக்கு வேலை தர ஆளில்லை. 1953-ல் சொந்தமாகச் சிறிய வார இதழ் ஒன்றைத் தொடங்கினார். காதும் சரியாகக் கேட்காது. அதனால் படித்தார்: அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் நடவடிக்கைக் குறிப்புகள், விசாரணை அறிக்கைகள், நாளிதழ் மூலைத் துணுக்குகள்.

1957-ல் நெவாடாவில் நிலத்தடி அணுகுண்டுச் சோதனை நடந்தது. 200 மைலுக்கு அப்பால் அதிர்வு பதிவாகவில்லை என்றது அணுசக்தி ஆணையம். ரகசியமாகச் சோதித்தால் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே தடை ஒப்பந்தம் வேண்டாம் என்பவர்களுக்குத் தோதான கணக்கு. ஸ்டோனோ டொரண்டோ, ரோம், டோக்கியோவில் அதிர்வு தெரிந்ததாக வந்த குட்டிச் செய்திகளைக் கவனித்து வைத்திருந்தார். நேரே அரசின் நில அதிர்வு நிபுணர்களிடம் போனார். 2,000 மைலுக்கு அப்பால், அலாஸ்காவிலும் பதிவாகியிருந்தது. ஆணையம் தன் கணக்கைத் திருத்திக்கொண்டது. இதில் ரகசியத் தகவல் ஒன்றுகூட இல்லை!

சரி, வாட்டர்கேட்டை ஸ்டோன் வழியில் உடைத்திருக்க முடியுமா? முழுக்க முடியாது. ஆனால் அந்த வழக்கிலும் பெரிய திருப்பம் ஒரு காசோலைதான். நிக்சனின் தேர்தல் நிதிக்கான 25,000 டாலர், பிடிபட்டவர்களில் ஒருவரின் வங்கிக் கணக்கில் கிடந்தது. வுட்வர்டோடு சேர்ந்து எழுதிய சக நிருபர் கார்ல் பெர்ன்ஸ்டீன் மயாமியில் அதைத் தேடிப் பிடித்தார். காசோலையில் பெயர் இருந்தவருக்குப் போன் போட்டுப் பேசியவர் வுட்வர்ட்.

உள்ளே இருப்பவரை நம்பும் வழிக்கு விலையும் உண்டு. கொரோனா காற்றில் பரவும், ஃப்ளூவைவிடக் கொடியது என்று டிரம்ப் 2020 பிப்ரவரி 7 அன்று வுட்வர்டிடம் போனில் சொன்னார். வுட்வர்டின் புத்தகம் வரவிருந்த செப்டம்பரில்தான் மக்களுக்கு அது தெரிந்தது. டிரம்ப் சொன்னதைச் சரிபார்க்க வேண்டியிருந்தது என்பது வுட்வர்டின் விளக்கம். என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மாதங்களில் அந்த ஒரு வரி எத்தனை பேருக்கு உதவியிருக்கும்!

புதிதாக எழுத வருபவருக்கு நான் ஸ்டோனைத்தான் காட்டுவேன். போனில் அழைக்க அதிபர் யாரும் தேவையில்லை. அப்புறம் பிழைப்பு? சுமார் 5,300 சந்தாதாரர்களோடு தொடங்கிய இதழ், 1971-ல் அவர் நிறுத்தியபோது சுமார் 70,000 பேருக்குப் போய்க்கொண்டிருந்தது.