ஆர்எஸ்6 அவான்டா, எம்5 டூரிங்கா, எம்3 டூரிங்கா? எடையைப் பார்த்து எடுத்த முடிவு

குடும்பத்தோடு பெட்டி, குழந்தை வண்டி எல்லாம் ஏற வேண்டும். அதே கார் ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் 250 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக ஓடவும் வேண்டும். இந்த இரண்டையும் கேட்பவர்களுக்கு எஸ்டேட்டைவிடப் பொருத்தமான கார் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கூரை பின்பக்கம் வரை நீண்டு, டிக்கியும் அதன் கீழேயே இருக்கும் கார்தான் எஸ்டேட். ஆடி அதை அவான்ட் என்றும், பிஎம்டபிள்யூ டூரிங் என்றும் அழைக்கின்றன. எஸ்யூவி வாங்கலாமே என்று பலரும் கேட்கிறார்கள். ஆடியிலேயே பாருங்கள். 2019-இல் வந்த ஆர்எஸ்6 அவான்டிலும் ஆர்எஸ் கியூ8 எஸ்யூவியிலும் இருப்பது ஒரே 4 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின்தான். இரண்டுக்கும் 600 குதிரைத்திறன், 800 நியூட்டன் மீட்டர் டார்க். ஆனால் ஆர்எஸ்6-இன் எடை 2,075 கிலோ, கியூ8-இன் எடை 2,315 கிலோ. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட அவான்டுக்கு 3.6 விநாடி, கியூ8-க்கு 3.8. உயரமான உடம்பு வளைவில் சாயாமல் இருக்கத் தனி ஏற்பாடுகளும் வேண்டும். மண் ரோடு, பனி மேடு என்று போகாதவருக்கு இந்தச் சுமை எதற்கு?

வேகமான எஸ்டேட் என்றதும் ஆடி பெயர் முதலில் வருவதில் நியாயம் இருக்கிறது. 1994-இல் போர்ஷேயோடு சேர்ந்து அவர்கள் செய்த ஆர்எஸ்2 அவான்ட், 315 குதிரைத்திறனோடு போர்ஷேயின் சூஃபன்ஹவுசன் ஆலையில் உருவானது. 2002-இல் முதல் ஆர்எஸ்6 வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் அவான்டை அவர்கள் கைவிடவே இல்லை. 2015-இல் இந்தியாவில்கூட 1.35 கோடி ரூபாய்க்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பிஎம்டபிள்யூ அவர்களுக்கு முன்னாலேயே, 1992-இல், எம்5 டூரிங் செய்தது. ஆனால் 891 கார்களோடு நிறுத்திவிட்டது. 2007-இல் வி10 இன்ஜினோடு மறுபடி வந்து, 1,025 கார்களோடு 2010-இல் மறுபடி நின்றது. எம்3 டூரிங்கின் கதை இன்னும் மோசம். 2000-இல் மாதிரிக் கார் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். விற்பனைக்கு வர 2022 ஆகிவிட்டது.

மெர்சிடிஸ் ஏஎம்ஜி இ63 எஸ் எஸ்டேட்டை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். 612 குதிரைத்திறன், 850 நியூட்டன் மீட்டர். டிக்கி 640 லிட்டர். இந்தக் கூட்டத்திலேயே பெரியது அதுதான். சாமான் ஏற்றுவதுதான் முக்கியம் என்றால் யோசிக்காமல் அதை வாங்கலாம். ஆனால் அந்த வி8 எஸ்டேட்டின் உற்பத்தி முடிந்துவிட்டது. இப்போது வரும் இ53, ஆறு சிலிண்டர் ஹைபிரிட். ஆகவே இ63 வேண்டுமென்றால் பழைய காராகத்தான் தேட வேண்டும்.

சரி, மிச்சம் மூன்று: ஆர்எஸ்6 அவான்ட், 2024-இல் வந்த எம்5 டூரிங், எம்3 டூரிங். நான் இருப்பது ஸ்டுட்கார்ட் பக்கம். முதல் இரண்டையும் டெஸ்ட் டிரைவ் எடுத்துப் பார்த்தேன், வாங்கியது எம்3 டூரிங். எனவே கீழே எழுதுவதில் எம்3 பற்றியது தினசரி அனுபவம், மற்ற இரண்டைப் பற்றியது குறுகிய பழக்கம். அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

மூன்றின் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் என் முடிவு உருவானது. 2022-இல் வந்த எம்3 டூரிங்குக்கு 510 குதிரைத்திறன். ஆர்எஸ்6-க்கு 600. எம்5 டூரிங்குக்கு 727. நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட மூன்றுக்கும் கம்பெனி சொல்லும் நேரம் ஒன்றே: 3.6 விநாடி. கூடுதலாக இருக்கும் 217 குதிரைத்திறன் எங்கே போயிற்று? எடையைத் தூக்கவே போயிற்று. எம்3 டூரிங் 1,865 கிலோ. எம்5 டூரிங், பேட்டரியும் மின்மோட்டாருமாகச் சேர்ந்து, 2,475 கிலோ. இடையில் 610 கிலோ வித்தியாசம். இருநூறைத் தாண்டினால் எம்5-இன் பலம் தெரியத்தான் செய்கிறது, அதை மறுக்கவில்லை. அந்த வேகத்தில் வருடம் முழுக்க எத்தனை நிமிடம் ஓட்டப்போகிறோம் என்பதுதான் கேள்வி.

முடுக்கத்தில் எடையை இன்ஜின் மறைத்துவிடும். பிரேக் பிடிக்கும்போது மறைக்க வழியில்லை. ஓடும் காரின் ஆற்றல் அதன் எடைக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது. நிறுத்தும்போது அதில் பெரும்பகுதி பிரேக் டிஸ்க்கில் வெப்பமாக மாற வேண்டும். எம்3-ஐவிட எம்5 ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கனம், எனவே ஒவ்வொரு பலத்த பிரேக்கிலும் அடக்க வேண்டிய ஆற்றலும் அந்த அளவு கூடுதல். மின்மோட்டார் கொஞ்சத்தைப் பேட்டரிக்குத் திருப்புகிறது. ஆனால் 200-இல் போகும்போது முன்னால் ஒரு லாரி திடீரென லேன் மாறினால் வேலை செய்வது டிஸ்க்கும் பேடும்தான். அதனால்தான் கனமான கார்களின் பிரேக்குகள் பெரிதாகிக்கொண்டே போகின்றன. எம்3-இல் முன்பக்க டிஸ்க் 380 மில்லிமீட்டர். ஆர்எஸ்6-இல் 420, செராமிக் பிரேக் எடுத்தால் 440. பெரிய டிஸ்க்குக்குள் பெரிய பணம் இருக்கிறது. செராமிக் பிரேக் ஆர்எஸ்6-இல் 34 கிலோ எடையைக் குறைக்கிறது, அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மாற்றும் நாள் வந்தால் பில் தாங்காது.

டயரிலும் இதே கதை. ஆர்எஸ்6-க்கு 21 அங்குலம், விரும்பினால் 22. ஜெர்மனியில் கோடைக்கு ஒரு செட், குளிர்காலத்துக்கு ஒரு செட் என்று இரண்டு செட் வைத்திருப்பதுதான் வழக்கம். எம்3-க்கு முன்னால் 19, பின்னால் 20 அங்குலம். டயர் கடையில் விலை கேட்டால் வித்தியாசம் உடனே தெரியும். இதில் ஆர்எஸ்6-க்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. அதன் நான்கு டயரும் ஒரே அளவு என்பதால் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுச் சமமாகத் தேய வைக்கலாம். எம்3-இல் முடியாது, பின் டயர் தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

அப்புறம் சஸ்பென்ஷன். ஆர்எஸ்6-இல் வழக்கமாக வருவது ஏர் சஸ்பென்ஷன். குண்டும் குழியுமான ஊர்ச்சாலையில் அது காட்டும் மென்மை எம்3-இடம் கிடையாது, முதல் கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும். ஆனால் காற்றுப் பைகளுக்கும் கம்ப்ரசருக்கும் வயது உண்டு. எம்3-இல் இருப்பது இரும்பு ஸ்பிரிங். மின்னணு டாம்பர் (அதிர்வைத் தணிக்கும் பாகம்) மட்டும்தான் விலை உயர்ந்த பாகம். காரைப் பத்து வருடம் வைத்திருக்கும் எண்ணம் உள்ளவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. என் கார் இன்னும் வாரண்டியில்தான் இருக்கிறது, எனவே இந்த இடத்தில் நான் சொல்வது கணக்கு மட்டுமே, பட்ட அனுபவம் அல்ல.

எம்3-இன் குறைகளும் கொஞ்சநஞ்சம் இல்லை. டிக்கி 500 லிட்டர், ஆர்எஸ்6-இல் 565. இங்கே ஜெர்மனியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகும்போது பூ, பழம், பட்டுப்புடவைப் பெட்டி என்று அடுக்க இந்த இடம் எங்களுக்குப் போதுகிறது. பின் கண்ணாடி மட்டும் தனியாகத் திறப்பது அப்போது பெரிய உதவி. ஆனால் பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் நீண்ட தூரம் போவது சிரமம். பெட்ரோல் டேங்க் 59 லிட்டர்தான். ஆர்எஸ்6-இல் 73. வேகமாக ஓட்டினால் பங்க்கில் அடிக்கடி நிற்க வேண்டியிருக்கிறது. ஆறு சிலிண்டரின் சத்தம் வி8-இன் அடிவயிற்று உறுமலுக்கு ஈடாகாது. ஒரு யோசனை: கார்பன் பக்கெட் சீட் ஆப்ஷனைத் தவிர்த்துவிடுங்கள். குடும்பக் காரில் ஏறி இறங்க அது தொல்லை.

அழகில் ஆர்எஸ்6-ஐ வெல்ல ஆளில்லை. சாதாரண ஏ6 அவான்டிலிருந்து அது எடுத்துக்கொள்வது கூரை, முன் கதவுகள், டிக்கி கதவு மட்டுமே. மற்றதெல்லாம் அதற்கென்றே செய்தவை. சக்கரத்தின் மேல் உள்ள வளைவுகள் பக்கத்துக்கு 4 சென்டிமீட்டர் கூடுதல் அகலம். ஆனால் அந்த அகலம்தான் எங்கள் குடியிருப்பின் பழைய நிலத்தடி கராஜில் தூண்களுக்கு நடுவே என்னைத் தயங்க வைத்தது. 1.95 மீட்டர் அகலம், ஏறக்குறைய 5 மீட்டர் நீளம். எம்3 நீளத்தில் 20 சென்டிமீட்டர் குறைவு.

இவ்வளவு சொன்னாலும் எம்5 டூரிங் தவறான கார் இல்லை. கம்பெனி கார் வாங்குபவர்களுக்கு ஜெர்மன் வரி விதி, நிபந்தனைகளை நிறைவு செய்யும் பிளக்-இன் ஹைபிரிடுக்கு (வெளியே சார்ஜ் செய்யக்கூடிய பெட்ரோல்-மின்சாரக் கார்) சாதகமானது. மாதம் பட்டியல் விலையில் ஒரு சதவீதத்துக்குப் பதிலாக அரை சதவீதம்தான் வரிக்குரிய வருமானத்தில் சேரும். இந்த விலையுள்ள காரில் அது பெரிய தொகை. டயர், பிரேக் செலவையும் கம்பெனியே ஏற்குமானால் என் எடைக் கணக்கு அங்கே எடுபடாது. சொந்தப் பணத்தில் வாங்குபவருக்கு எம்3 டூரிங்கைத்தான் சொல்வேன். அதன் சஸ்பென்ஷன் கடினமாகத் தெரிந்தால் பிஎம்டபிள்யூ கார்களை மாற்றியமைத்து விற்ற அல்பினாவின் பி3 டூரிங் பழைய காராகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். எம்3-இல் உள்ள அதே எஸ்58 இன்ஜின், உடம்புக்கு இதமான ஓட்டம். ஆர்எஸ்6-தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், பழைய கார் பார்க்கப் போகும்போது டிஸ்க் தடிமனை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். காற்றுப் பை கசிகிறதா என்று தெரிந்துகொள்ள, காரை இரவு முழுக்க நிறுத்தி வைத்துக் காலையில் நான்கு மூலையும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.