கையால் வரைவதா, கணினியில் வரைவதா?

தரம் 10இல் வடிவமைப்பும் கட்டுமானத் தொழினுட்பவியலும் எடுக்கும் வன்னிப் பிள்ளைகள் பலர் தொழினுட்ப வரைபடங்களைப் பற்றிக் கேட்பது இதைத்தான்.

செலவு
கை: வரைபலகை, ரீ மட்டம், இரண்டு மூலைமட்டம், கவராயம், 2எச் (கடினமானது), எச்பி (அதைவிட மென்மையானது) பென்சில்.
கணினி: ஃபிறீகாட் (FreeCAD) என்ற வரைதல் மென்பொருள் இலவசம், நிறுவியபின் இணையம் வேண்டாம். மடிகணினிதான் பெருஞ்செலவு.

துல்லியம்
கை: தாளின் நான்கு மூலையையும் ஒட்டாவிட்டால் கோடு சரியும். அமைப்புக்கோடுகளை 2எச்சால் மெல்லிதாகப் போட்டு, விளிம்புகளைக் கடைசியில் எச்பியால் மேலிருந்து கீழாகத் தடிப்பாக்குங்கள். வெயில் காலத்தில் வியர்த்த கை பட்டுப் பென்சில் கோடு மை போலப் பரவும். கைக்கடியில் ஒரு துண்டுத் தாள் வையுங்கள்.
கணினி: பிழை அச்சில் வரும். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்றிருந்தால் அளவு சுருங்கும். 100% வைத்து, 100 மி.மீ. கோடொன்றை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். படங்களை அடுக்கும் எறிய முறை மூன்றாங் கோணத்தில் அமைந்திருந்தால் கிடைப்படம் (மேலிருந்து பார்க்கும் படம்) மேலே போய்விடும். முதற்கோணத்தில் அது முன்னிலைப்படத்துக்கு (முன்னிருந்து பார்க்கும் படம்) கீழேதான்.

திருத்தம்
உதாரணமாக, வரைந்த ஒரு ஸ்டூலின் உயரத்தை 450இலிருந்து 400 மி.மீ. ஆக்கினால், கையில் முன்னிலை, பக்கநிலைப் படங்கள் இரண்டையும் மீள வரையவேண்டும். கணினியில் ஓர் எண் மாறும்.

சாதாரண தரப் பரீட்சைக்குக் கைதான். அதில் வேகம் வராமல் கணினிக்குப் போகவேண்டாம். பலமுறை மாறும் செயற்றிட்டத்துக்கு, முதல் யோசனைகளைக் கையால் கீறிவிட்டுக் கணினியை எடுங்கள்.