ஒட்டுப்போர்வைக்குப் பாத்தேக்கா, பழைய நூல் புடவையா?

துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வைக்கு, கோலாலம்பூர் வெக்கையில் இரண்டுமே ஒத்துவரும். தைக்கும்போதுதான் குணம் தெரியும்.

பருத்திப் பாத்தேக், அதாவது மெழுகால் கோலம் போட்டுச் சாயமேற்றிய துணி, நெருக்கமான நெசவு. ஓரம் அதிகம் பிரியாது. தையலுக்கு வெளியே விடும் விளிம்பு 6 மி.மீ. போதும். 80/12 அளவு ஊசி, தையல் நீளம் 2.5 மி.மீ. தொல்லை சாயத்தில்தான், அதிலும் அடர்சிவப்பு. பாத்தேக்கில் ஒரு துண்டை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள். கறை படிந்தால், தண்ணீர் தெளியும்வரை தனியாக அலச வேண்டும். துவைக்காமல் தைத்தால் துண்டுகள் ஆளுக்கொரு அளவில் சுருங்கி, போர்வை நெளிந்துவிடும். கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வாங்கினால் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும்.

பழைய புடவை சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்தது. ஆனால் மெலிது, வெட்டும்போதே கோணிக்கொள்ளும். கஞ்சி போட்டு, இஸ்திரி செய்த பிறகே கத்தரி வையுங்கள். விளிம்பு 1 செ.மீ., ஊசி 70/10, தையல் நீளம் 2 மி.மீ. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நைந்த மடிப்புகளைக் கழித்துவிடுங்கள்.

முதல் போர்வை என்றால் முகப்புக்குப் பாத்தேக்தான். புடவையை அடித்துணியாகப் போடலாம், உடம்புக்கு அதுதான் இதம். நடுவே பஞ்சு வேண்டாம். இந்த ஊர் ஈரத்தில் தடித்த போர்வை காயவே காயாது, பூஞ்சை பிடிக்கும். இன்னொரு புடவையே போதும்.